சாப்பாட்டு நேரத்தை வீடியோ எடுக்கச் சொல்கிறாரே டாக்டர்!

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கம் இது:

மகளுக்கு இரண்டரை வயது. தாய் வேலைக்குப் போகிறார். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். குழந்தை "சாப்பிடவே மாட்டேன்கிறாள்". ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறாள். சோற்றை மிக்ஸியில் அரைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கட்டி தட்டினாலும் துப்பிவிடுகிறாள், இல்லையென்றால் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறாள். சில நாள் மாமியார் மடியில் சாய்த்து, மூக்கைப் பிடித்து ஊட்டுகிறார். அப்போது முழுதும் வாந்தியாகிவிடுகிறது. "பாலாவது குடிக்கட்டும்" என்று சத்துமாவு, சர்க்கரை கலந்து நாலு டம்ளர் தருகிறார்கள். பிறந்தபோது 2.7 கிலோ, இரண்டு வயதில் 10.3, இப்போது 11.3. உயரம் 88 செ.மீ. நாத்தனார் மகன் அதே வயதில் 14 கிலோவாம்.

குழந்தை நல மருத்துவரிடம் டானிக் கேட்டிருக்கிறார். அவர் எதுவும் எழுதாமல், "வீட்டில் சாப்பிடும்போது இரண்டு மூன்று வீடியோ எடுத்துக்கொண்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். மாமியார், "நம்ம வீட்டு விஷயத்தை வெளியாளுக்குப் படம் பிடிச்சுக் காட்டுறதா?" என்கிறார். கணவர் வேறு டாக்டரிடம் போகலாம் என்கிறார். இவருக்கோ, "சோதனை குழந்தைக்கா, எனக்கா?" என்ற கேள்வி. கடைசியில் ஒரு வரி: "போன வாரம் கோபத்தில் அடித்துவிட்டேன். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டாக்டர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவர் வீடியோ கேட்கவில்லை. ஊட்டுபவரும் உண்பவரும் என இரண்டு பேர் சேர்ந்து செய்யும் காரியம் இது. கிளினிக்கில் குழந்தையை மட்டும் மேசையில் உட்கார வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மீதிக் கதை உங்கள் வீட்டுக் கூடத்தில், மதியம் ஒரு மணிக்கு நடக்கிறது.

அதற்கு முன்னால் எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டரை வயதுப் பெண் குழந்தைகளின் நடு எடை 12.7 கிலோ. 10 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். உங்கள் மகள் 11.3. வளர்ச்சி வரைபடத்தில் இரண்டு வயதில் எந்தக் கோட்டை ஒட்டி இருந்தாளோ, அதே கோட்டை ஒட்டித்தான் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறாள். ஆறு மாதத்தில் ஒரு கிலோ கூடியிருக்கிறாள். உயரமும் இயல்புக்குள்தான். தாய் சேய் நல அட்டையில் அந்த வரைகோடு இருக்கும், மாமியாருக்கும் எடுத்துக் காட்டுங்கள். நாத்தனார் மகன் 14 கிலோ இருப்பது அவனுடைய கணக்கு.

அப்படியானால் "சாப்பிடவே மாட்டேன்கிறாள்" என்பது? அந்த நாலு டம்ளரைக் கணக்குப் போடுங்கள். டம்ளருக்கு 200 மில்லி என்றால் 800 மில்லி. பாலில் மட்டும் சுமார் 500 கலோரி. சத்துமாவும் சர்க்கரையும் தனி. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 கலோரி போதும். பாதிக்கும் மேலே டம்ளரிலேயே போய்விட்டது. அவள் சாப்பிடுகிறாள், குடித்துச் சாப்பிடுகிறாள். சோற்றுத் தட்டு வரும்போது பசி இல்லை, அவ்வளவுதான். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிறு நிரம்பும் குழந்தைக்கு ரத்தசோகை வருவது சாதாரணம். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே டானிக் கேட்பதற்குப் பதில், "ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். (ஃபெரிட்டின் என்பது உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு.) பசியைத் தூண்டும் என்று சொல்லி மருந்துக் கடையில் தரும் சில சிரப்புகளில் சைப்ரோஹெப்டடின் இருக்கும். அது அலர்ஜிக்கான மருந்து, தூக்கம் வரவழைக்கும். டாக்டர் காரணத்தோடு எழுதினால் ஒழிய, நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

வீடியோவில் என்ன பார்ப்பார்கள்?

நீங்கள் நினைப்பது போல "அம்மா நல்லவளா, கெட்டவளா" என்று மார்க் போடுவதில்லை. அமெரிக்காவில் ஐரீன் சட்டூர் என்ற குழந்தை மனநல மருத்துவர் குழுவினர் 1997இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இந்தத் துறையில் பெயர் பெற்றது. மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது. 20 நிமிடச் சாப்பாட்டை வீடியோ எடுத்து 46 செயல்களைக் கவனிப்பார்கள். தாயின் செயல்களும் குழந்தையின் செயல்களும் அதில் கலந்தே இருக்கும். அவற்றை ஐந்து தலைப்பில் சேர்ப்பார்கள்: இருவருக்கும் இடையிலான ஒத்திசைவு, மோதல், பேச்சும் கவனத்திருப்பலும், யார் கை ஓங்குவது என்ற இழுபறி, குழந்தை காட்டும் குறிப்புக்குத் தொடர்பில்லாமல் தாய் நடந்துகொள்வது. உங்கள் டாக்டர் இதே தாளை வைத்து எண்ணாமல் போகலாம். ஆனால் பழகிய கண் தேடுவது ஏறக்குறைய இவற்றைத்தான்.

நடைமுறையில் எப்படி என்றால்: குழந்தை வாயைத் திறக்கிறாள், முன்னால் சாய்கிறாள், தட்டைத் தொடுகிறாள். இது "வேண்டும்" என்பதற்கான குறிப்பு. முகத்தைத் திருப்புகிறாள், உதட்டை இறுக்குகிறாள், கையால் தள்ளுகிறாள், இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கப் பார்க்கிறாள். இது "போதும்". ஒவ்வொரு குறிப்புக்கும் அடுத்த சில நொடிகளில் பெரியவர் என்ன செய்கிறார்? முந்தைய வாய் விழுங்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுக்கிறாரா, கன்னம் உப்பியிருக்கும்போதே அடுத்த உருண்டை வருகிறதா? முகம் திரும்பியதும் கை நிற்கிறதா, முகம் போன பக்கமே துரத்துகிறதா? குழந்தையின் கண் எங்கே இருக்கிறது, பெரியவரின் கண் எங்கே இருக்கிறது? அவளே கையை நீட்டி எடுக்கும்போது யாராவது பார்க்கிறார்களா, "கை அழுக்காகும்" என்று தட்டிவிடுகிறார்களா? பேச்சில் எத்தனை பங்கு "இன்னும் ஒரு வாய்", "பூச்சாண்டி வருது", "டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லுவேன்" என்று போகிறது? (இந்தக் கடைசி வாக்கியத்தால் எங்களைப் போன்ற டாக்டர்களைப் பார்த்தாலே வீறிடும் குழந்தைகள் ஏராளம். அது வேறு கதை.)

அப்புறம் உடம்பு சார்ந்த விஷயங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே முக்கியமாகப் பட்டது போன் அல்ல, மிக்ஸி. இரண்டரை வயதில் கட்டி தட்டினால் துப்புகிறாள், கன்னத்தில் அடக்குகிறாள் என்றால், மெல்லத் தெரியவில்லையா, மெல்ல விருப்பமில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்பது பத்து மாதத்துக்குள் கட்டியுள்ள உணவைப் பழகாத குழந்தைகளுக்குப் பின்னாளில் சாப்பாட்டுச் சிக்கல்கள் அதிகம் என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியிருக்கிறது. வீடியோவில் தாடை பக்கவாட்டில் அசைகிறதா, நாக்கு உணவைப் பல்லுக்குத் தள்ளுகிறதா, வாயாலேயே மூச்சு விடுகிறாளா, விழுங்கும்போது இருமுகிறாளா, குரல் ஈரமாக மாறுகிறதா, கால் தொங்குகிறதா ஊன்றியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். கிளினிக்கில் ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துப் பார்த்தால் இவ்வளவு தெரியாது.

இந்த அளவுகோல்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. உயர நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, ஒரு வயதிலேயே தானே எடுத்துச் சாப்பிடும் குழந்தையை மனத்தில் வைத்து உருவானவை அவை. நம் வீட்டில் பாட்டி, அம்மா, அத்தை என்று கை மாறும். உருட்டி ஊட்டுவது பாசத்தின் ஒரு வடிவம். கையால் ஊட்டுவதையே தவறு என்று குறித்துக்கொள்ளும் நிபுணர் நம் ஊர்க் குழந்தையைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன். ஊட்டலாம். குழந்தையின் குறிப்பைப் பார்த்து ஊட்டுகிறோமா என்பதே கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சிறு குழந்தைக்கு ஊட்டுங்கள், பெரிய குழந்தைக்கு உதவுங்கள், பொறுமையாக ஊக்கப்படுத்துங்கள், வற்புறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறது.

யார் மேல் தப்பு?

இதைத்தான் கடிதம் முழுக்க வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகள் உள்ள குடும்பங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஒரே பெற்றோர், ஒரே வயதில் இரண்டு குழந்தைகள். ஒன்று நன்றாகச் சாப்பிடும், ஒன்று முரண்டு பிடிக்கும். பெற்றோர் வற்புறுத்தியது முரண்டு பிடித்த குழந்தையைத்தான். அதாவது, வற்புறுத்தலால் மட்டும் குழந்தை இப்படி ஆவதில்லை. குழந்தையின் இயல்பும் நம்மிடமிருந்து வற்புறுத்தலை வரவழைக்கிறது. புதிய உணவைக் கண்டு பின்வாங்கும் குணத்தில் பிறவிக்கூறு கணிசமாக இருப்பதையும் அதே இரட்டையர் ஆய்வுகள் காட்டின. இரண்டு வயதுக்கு மேல் அந்தக் குணம் உச்சத்துக்குப் போகும் பருவம்.

ஆனால் வற்புறுத்தலுக்கு விளைவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2006இல் அமெரிக்காவில் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சூப்பைக் கொடுக்கும்போது "குடித்து முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்றைச் சும்மா வைத்தார்கள். சும்மா வைத்ததைத்தான் குழந்தைகள் கூடுதலாகக் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றிக் குறையும் சொன்னார்கள். குழந்தை குறைவாகச் சாப்பிட, நமக்குப் பயம் வர, பயத்தில் நாம் திணிக்க, திணிப்பில் அவள் இன்னும் விலக என்று ஒரு வட்டம் சுற்றுகிறது. அது எந்த இடத்தில் தொடங்கியது என்று தேடுவதால் பயனில்லை. பெரியவர்கள் பக்கத்திலிருந்துதான் அதை நிறுத்த முடியும், ஏனென்றால் இரண்டரை வயதுக்காரியிடம் போய் நீங்கள் பேச்சுவார்த்தை நடத்த முடியாது.

அடித்ததைப் பற்றி: அதை மறைக்காமல் எழுதினீர்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். அவருக்குத் தேவையான தகவல் அது. தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் உங்களுக்கும் உதவி வேண்டும். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீடியோ எடுப்பது எப்படி?

வீட்டு விஷயம் வெளியே போகுமோ என்ற மாமியாரின் தயக்கம் நியாயமானது. யார் பார்ப்பார்கள், எங்கே சேமிப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் போனிலேயே வைத்து நேரில் காட்டுவது எளிது. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. பாடம் நடத்தவோ கருத்தரங்கில் காட்டவோ கேட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது.

மாமியார் ஊட்டும் ஒரு மதியம், நீங்கள் ஊட்டும் ஓர் இரவு, முடிந்தால் அப்பாவோடு ஒரு விடுமுறை நாள் காலை. மாமியாருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். குழந்தையின் முகம், ஊட்டுபவரின் முகம், கை, தட்டு எல்லாம் படத்துக்குள் வரும்படி பக்கவாட்டில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பாட்டு ஓடும் போனிலேயே வீடியோ எடுக்க முடியாது, இன்னொரு போன் வேண்டும்! தட்டு வருவதற்கு முன்பிருந்து கை கழுவும் வரை ஓடட்டும். டாக்டர் பார்க்கப்போகிறார் என்று அன்றைக்கு மட்டும் நெய் ரோஸ்ட் சுட வேண்டாம். அழுகை வந்தால் வீடியோவை நிறுத்தாதீர்கள், பார்க்க வேண்டிய இடமே அதுதான். ஒன்றைத் தவிர: மூக்கைப் பிடித்து ஊட்டுவதை வீடியோவுக்காகக்கூடச் செய்யாதீர்கள். மூச்சுக்குத் திணறும் குழந்தை இழுக்கும் காற்றோடு சோறும் நுரையீரலுக்குள் போகலாம். அதை இன்றோடு நிறுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது

முதலில் பால். ஒரே நாளில் வெட்டாமல் பத்துப் பதினைந்து நாளில் 400, 500 மில்லிக்குக் கொண்டு வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகுதான் பால், முன்னால் இல்லை. சாப்பிடாததற்கு ஈடாகவும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, இடையில் தண்ணீர் மட்டும். இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி கிடைத்தால்தான் பசி என்ற ஒன்று அவளுக்கே தெரியவரும். இந்தப் பாலையும் நேரத்தையும் சரிசெய்தாலே பாதிக் குழந்தைகளின் பிரச்சினை இலகுவாகிவிடும் என்பது என் அனுபவம்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஒரு பிரிவினை சொல்வார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று குழந்தையைக் கேட்டு ஐந்து வகை செய்கிறோம். எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம்.

தட்டில் அரை இட்லி, இரண்டு கரண்டி பருப்புச் சாதம் போதும், கேட்டால் கொடுங்கள். 20 நிமிடம், மிஞ்சினால் 30. பிறகு ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள். மிக்ஸியை விட்டுக் கையால் மசிக்கத் தொடங்குங்கள். ஒரு வாரம் நன்றாக, அடுத்த வாரம் கொஞ்சம் கரகரவென்று. பக்கத்திலேயே அவள் கையால் எடுக்கும்படி வேகவைத்த கேரட் துண்டோ தோசைத் துண்டோ இருக்கட்டும். தொட்டு நசுக்கினாலும் பரவாயில்லை. ஒரு புதிய உணவு பத்துப் பதினைந்து தடவை தட்டில் வந்த பிறகே சில குழந்தைகள் வாயில் வைப்பார்கள்.

போனை எல்லா வேளையிலும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். வீடு அமைதியாக இருக்கும் ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்து அதில் மட்டும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். காய்ச்சல் சளி இல்லாத வாரமாகப் பார்த்துத் தொடங்கினால் அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளலாம். படம் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிரம்பியதும் தெரியாது, வாயில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு நாள் முழுக்கச் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை நல மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. உங்கள் மகள் சாப்பாட்டு நேரத்திலேயே அதைத் தாண்டிவிடுகிறாள்.

மாமியாரை வில்லியாக்காதீர்கள். பகல் முழுக்கக் குழந்தையைச் சுமப்பவர் அவர். "வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள புள்ள இளைச்சுடுச்சு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கும் இருக்கும். "நீங்க தப்பாச் செய்யறீங்க அத்தை" என்று நீங்கள் சொல்வதைவிட, அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வீடியோவைச் சேர்ந்து பார்க்கட்டும். நல்ல டாக்டர் முதலில் அவர் செய்யும் நல்லதைத்தான் காட்டுவார், அப்படி ஏதாவது ஒன்று எல்லா வீடியோவிலும் இருக்கும். வேறு டாக்டரிடம் போகலாம் என்னும் உங்கள் கணவருக்கும் ஒரு வேலை: இரவில் போனை வைத்துவிட்டுக் குழந்தையோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சாப்பிடும்போது அடிக்கடி இருமல், புரையேறுதல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, விழுங்கினால் வலி, வற்புறுத்தாதபோதும் வாந்தி, எடை நின்றுபோவது அல்லது குறைவது, புரையேறிய ஒரு நாளுக்குப் பிறகு திடீரென்று எல்லாவற்றையும் மறுப்பது, சாப்பிடும் உணவுகளின் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போவது, கூடவே பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்பாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடியோவுக்காகக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். மெல்லுவதிலும் விழுங்குவதிலும் சிக்கல் என்று தெரிந்தால் பேச்சுப் பயிற்சியாளரோ, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ தேவைப்படுவார்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாவிட்டால், மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பகால இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

டாக்டரை மாற்றலாமா என்று கேட்டீர்கள். டானிக் எழுதவில்லை என்பதற்காக வேண்டாம். வீடியோவைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நீங்க ஊட்டுற லட்சணம்தான்" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பினால், ரத்தப் பரிசோதனையும் மெல்லும் திறனும் பார்க்காமலே விட்டால், அப்போது தாராளமாக மாற்றுங்கள். எடுத்த வீடியோக்களை அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்தவருக்கும் அவை பயன்படும்.